கெமிஸ்ட்ரி எருமை

ஆண்களில் பாதிப்பேர் போர்வெல் வண்டி ஏறி வடநாட்டுக்குப் போய்விட்ட வேலாங்காட்டுப்புதூர் மேற்குத் தெருவில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற சம்யுக்தா வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட அன்று காலை, ஹாலில் அவளுடைய கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓர் எருமைக்கன்று முளைத்திருந்தது. முளைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாசற்கதவு தாழிட்டிருந்தது, ஜன்னலில் கம்பி இருந்தது, கன்றோ ரொம்ப நாள் அந்த வீட்டிலேயே இருப்பதுபோல வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, தெரிந்தவர்களைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தது.

விளக்குமாறோடு உள்ளே வந்த அம்மா வளர்மதி அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "இத்தன நாளா ஒரு எருமதான் எந்திரிக்காம கெடந்துச்சு. இப்ப ரெண்டாச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு, கன்றைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள்.

எதிர்வீட்டுச் சரசக்கா வந்து கன்றின் காதைத் தூக்கிப் பார்த்து, "எந்தப் பாடம் கண்ணு?" என்று கேட்டாள்.

"கெமிஸ்ட்ரிங்க்கா."

"அதானே பாத்தேன். கணக்குன்னா கொம்பு மொளைக்கற எடம் நேராவில்ல இருக்கும்" என்று அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். அந்தத் தெருவில் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். ரிவிஷன் டெஸ்டில் முதல் கேள்வியைப் படித்தவுடன் சம்யுக்தாவின் கை ஜில்லிட்டுப் போனது, எழுத்தெல்லாம் எறும்புச் சாரை மாதிரி நகர ஆரம்பித்தது, நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. பென்சீனுக்கு ஓர் அறுகோணம் வரையத் தொடங்கிய கை, அதை ஒட்டி இன்னோர் அறுகோணம், அதை ஒட்டி இன்னொன்று என்று நிறுத்தவே முடியாமல் வரைந்து, மணி அடிக்கும்போது விடைத்தாள் முழுக்கத் தேன்கூடாக இருந்தது. அதைத்தான் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தத் தாளை கெமிஸ்ட்ரி எடுக்கிற ஹேமபிரியா மிஸ் வகுப்பில் உயர்த்திப் பிடித்துக் காட்டப்போகிற நாள் என்று நினைத்துத்தான் வயிற்றுவலி வந்தது. மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள், ரெண்டு நாள் வராமல் மூன்றாவது நாள் போனால் என்னவென்று கேட்பார்களே என்பதற்காக, மற்ற வகுப்புக்கெல்லாம் போய்விட்டு கெமிஸ்ட்ரி மணிக்கு மட்டும் லைப்ரரி பக்கம் ஒதுங்கினாள். ஒதுங்கிய ஒவ்வொரு மணிக்கும் கன்று ஒரு சாண் வளர்ந்தது. மிஸ்ஸின் நம்பரிலிருந்து போன் வந்தபோது அதைத் தலையணைக்கு அடியில் குப்புறப் போட்டாள், எருமைக்குக் கொம்பு வந்தது. வாட்ஸாப்பில் வந்ததைத் திறக்காமல் விட்டாள், கொம்பு வளைந்தது.

வளர்ந்தாலும் அது முரட்டு ஜீவன் இல்லை. பள்ளி முடிந்து வந்தவுடன் பையை வீசிவிட்டு அதன் விலாவில் சாய்ந்தால், ஊரில் இருக்கிற எல்லாத் தேர்வுகளும் வேறு யாருக்கோ நடக்கப்போகிற மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான ஒரு கருப்புச் சுவர் அது. அதன் மூச்சு ஏறி இறங்குவதற்கேற்ப இவளும் ஏறி இறங்குவாள். எழுந்தால்தான் பழையபடி நெஞ்சுக்குள் ஈரத்துணி. ஆகவே அவள் எழவில்லை.

எருமை பெருத்ததும் அதற்கு மடி இறங்கியது. ஈனாத எருமைக்கு எங்கே பால் என்று யாரும் விசாரிக்கவில்லை. தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்த வளர்மதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குப் போசியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பால் சர்ரென்று இறங்கி, போசி நிறைந்து, குடம் நிறைந்து, கடைசியில் குளிக்கிற பக்கெட்டும் நிறைந்தது. தயிருக்கு உறை ஊற்றினால் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற மெஷின் அந்தப் பாலைத் தொட்டதும் எண் காட்டாமல் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது.

முக்கு டீக்கடைச் சென்னியப்பன் அந்தப் பாலில் டீ போட்ட முதல் நாளே தெரு மாறிவிட்டது. டீ குடித்தவர்களுக்கு பெஞ்சைவிட்டு எழ மனசு வரவில்லை. சந்தைக்குக் கிளம்பியவர்கள் சந்தையை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள், வேலி ஓரத் தகராறுக்கு ஆள் திரட்டிக்கொண்டு வந்தவர்கள் தகராறை ஆடிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எதிராளிக்கும் ஒரு கிளாஸ் சொன்னார்கள், மினிபஸ் டிரைவர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இன்னொரு டீ கேட்க, பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு டீ வாங்கினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அபிஷேகத்துக்கு இந்தப் பால்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அபிஷேகம் ஆன பிறகு அம்மன் முகத்திலேயே ஓர் அசதி தெரிந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

அதுவரை வளர்மதியை, போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போன நல்லசிவம் சம்சாரம் என்றுதான் தெருவுக்குத் தெரியும். இப்போது விடிந்ததும் வாசலில் போசிகளோடு வரிசை நின்றது. பெரிய வீட்டுக்காரர்கள்கூட "வளரு, எனக்குக் கொஞ்சம் எடுத்து வை சாமி" என்று கெஞ்சினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. சத்தீஸ்கரிலிருந்து கணவர் போன் செய்து "பாப்பா படிக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம், ஹாலில் எருமைமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கிடக்கிற மகளைப் பார்த்துக்கொண்டே, "படிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்யுக்தாவுக்கு என்ன தோன்றியதோ, கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, பொருளடக்கத்தை மட்டும் படித்தாள். படித்தது அரைப் பக்கம்கூட இருக்காது. அன்று சாயங்காலம் பால் ஒரு டம்ளர் குறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சென்னியப்பன் நின்றான். கையில் முட்டை பப்ஸ் பொட்டலம்.

"என்ன கண்ணு, படிச்சியாமா?"

திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி சம்யுக்தாவுக்கு முகம் சூடானது. "சும்மா பொரட்டிப் பாத்தனுங்க மாமா."

"அட, பொரட்டறதுலதான் கண்ணு கெட்டுப்போறது. உனக்கென்ன அவசரம்? சாப்புடு, தூங்கு. ஒடம்பு முக்கியம்."

பின்னாலேயே சரசக்கா வந்தாள். "கண்ணுக்குக் கீழ எப்படிக் கருத்துப்போச்சு பாரு! புஸ்தகத்தைக் கட்டி மேல போடு அம்மிணி" என்று உருகினாள். உருகிய அதே மூச்சில் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்து, "டேய்! நீ எங்கடா எந்திரிக்கற? படிடா! சம்பந்தமில்லாத பக்கம் பாத்தீன்னா கால ஒடச்சுப்போடுவேன்!" என்று தன் மகனைக் கத்தினாள்.

ஆரம்பத்தில் சம்யுக்தாவுக்கு இது சொர்க்கமாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற எந்தப் பிள்ளைக்கு ஊரே திரண்டு வந்து தூங்கு தூங்கு என்று சொல்லும்? போன் பார்த்தால் யாரும் திட்டவில்லை, இன்டர்நெட் தீர்ந்தால் சென்னியப்பனே ரீசார்ஜ் செய்தான், பவர்கட் ஆனால் விசிறிவிட ஆள் வந்தது. ஆனால் பப்ஸைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வாசலில் வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்தபோது அவளுக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை. நான் எழுந்திரிக்கணும்னு நினைக்கிற ஒரு ஆள்கூட இந்தத் தெருவில் இல்லை என்று நினைத்தாள். நினைத்த பயத்தில் இன்னும் அழுத்தமாக எருமையோடு ஒட்டிக்கொண்டாள். எருமை இன்னும் ஒரு முழம் பெருத்தது.

அது டிவியை மறைத்தது. பீரோவைச் சுவரோடு நசுக்கியது. பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின நாள் காலை, வளர்மதி பால் ஊற்ற வெளியே போயிருந்த நேரத்தில், எருமை மெதுவாகத் திரும்பி, வாசற்படிக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்துப் படுத்துவிட்டது. அம்மா வெளியே, மகள் உள்ளே, நடுவில் நிலைப்படியை உச்சிவரை அடைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி.

வளர்மதி தள்ளினாள். தெருவே சேர்ந்து தள்ளியது. ஆனால் சென்னியப்பன் தள்ளுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு தன் பக்கமாக இழுப்பதை அவள் பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கு ஓடினாள்.

"சம்யூ, நாளைக்குப் பரீட்சைடி!"

"தெரியும்மா."

"என்னடி பண்ணப்போற?"

கம்பிக்கு உள்ளே மகளின் முகம் காகிதமாக வெளுத்திருந்தது. "எனக்கு மூச்சு விட முடியலம்மா" என்றாள் சம்யுக்தா. சின்னப்பிள்ளையில் கிணற்றை எட்டிப் பார்த்துப் பயந்தபோது பேசின குரல் அது. வளர்மதி இத்தனை நாள் கேட்க மறுத்துக்கொண்டிருந்த குரலும் அதுதான். கையிலிருந்த பால் போசியைக் கீழே வைக்கக்கூட மறந்து அவள் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

உள்ளே சம்யுக்தா காத்திருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து எருமையின் முதுகில் ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் படுத்துவிட்டு நகர்ந்தது. பிறகு தெருவில் குளம்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அம்மா முன்னால் வந்தாள். பின்னால், சுடிதாரில் பாதி மண்ணோடு, கையில் பிடிகயிற்றோடு ஹேமபிரியா மிஸ் வந்தாள். கயிற்றின் மறுமுனையில், லேப் வாசலை முழுக்க அடைக்கிற அளவுக்கு இன்னோர் எருமை வந்தது.

"என்னப் பாத்ததும் ஆசிட் பாட்டில் வெக்கற ரூமுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டாங்கடி உங்க மிஸ்" என்றாள் வளர்மதி, நம்ப முடியாமல். "இது அங்கதான் நின்னுச்சு."

ஹேமபிரியா மிஸ்ஸுக்கு அது முதல் வருஷ வேலை. வகுப்பில் அதட்டும்போது பெரிய ஆளாகத் தெரிகிற அவள், தெரு வெயிலில் சம்யுக்தாவின் அக்கா வயசுதான் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு எருமைகளும்தான் ஒன்றையொன்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன.

"மிஸ், அந்த டெஸ்ட் பேப்பர்... ஸாரி மிஸ். அதனாலதான் நான் வரல. நீங்க எல்லார் முன்னாடியும்..."

"சம்யுக்தா" என்றாள் மிஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "அத நான் இன்னும் திருத்தவே இல்லம்மா."

சம்யுக்தா கம்பிக்கு நெருங்கி வந்தாள்.

"ஒரு பேப்பரும் திருத்தல. மூணு செக்‌ஷன் பேப்பர், கட்டுகூடப் பிரிக்கல. ஒரு நாள் தள்ளிப்போட்டேன், லேப்ல கன்னுக்குட்டி நின்னுச்சு. அப்புறம் அந்தக் கட்டு இருக்கற பக்கமே போகல. உனக்கு எதுக்குப் போன் பண்ணேன்னு நெனக்கற? பேப்பர் எங்கேன்னு நீ கேட்டுருவியோன்னு பயந்து, பேப்பர் குடுக்கற டேட் தள்ளிப்போகுதுன்னு சொல்றதுக்குத்தான். நீ எடுக்கலேன்னதும்..." மிஸ் நிமிர்ந்தாள். "நெஜமாச் சொல்றேன், நிம்மதியா இருந்துச்சு."

வாரக்கணக்காகத் தான் யாரிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தாளோ அந்த ஆள் எதிர்த்திசையில் தன்னிடமிருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது சம்யுக்தாவின் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. போடாத ஒரு மார்க்கைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தில் ஓர் எருமையை வளர்த்து, அதில் ஊருக்கே டீ ஊற்றியிருக்கிறாள்.

"இப்பத் திருத்துங்க மிஸ்" என்றாள்.

"இப்பவா?"

"என்னுது மட்டும். நான் பாத்துக்கிட்டே இருக்கறேன்."

மிஸ் தோள்பையிலிருந்து கட்டை எடுத்தாள். முடிச்சை அவிழ்க்க முடியாமல் விரல் தடுமாறியபோது சம்யுக்தா கம்பிக்கு உள்ளிருந்து கை நீட்டி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். தேன்கூடு வெளியே வந்தது. மிஸ் அதை ஒரு பக்கம் விடாமல் பார்த்தாள். சிவப்புப் பேனாவை அங்கங்கே வைத்தாள். ஒரு மூலையில் அறுகோணத்துக்குள் சரியாகப் போட்டிருந்த கோடுகளுக்கு மார்க் போட்டாள், பின்பக்கத்தில் அறுகோணங்களுக்கு நடுவே பாதியில் விட்ட ஒரு சமன்பாட்டுக்குப் போட்டாள். கூட்டினாள்.

"எழுபதுக்குப் பதினொண்ணு."

"பதினொண்ணா!" என்றாள் சம்யுக்தா. "சைபர்னு நெனச்சேன் மிஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்தாள். வாசலில் எருமை தும்மியது. தும்மிய தும்மலில் நிலைப்படிக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவு வெளிச்சம் தெரிந்தது.

"நாளைக்கு சால்ட் அனாலிசிஸ். எல்லாத்தையும் பாக்க வேண்டாம்" என்றாள் மிஸ். "ஒரே ஒரு சால்ட். நீ அதப் படி. நான் இன்னொரு பேப்பர் திருத்தறேன். நான் எந்திரிச்சு ஓடுனா நீ கூப்புடு, நீ எருமமேல சாஞ்சா நான் கூப்புடறேன்."

அப்படித்தான் உட்கார்ந்தார்கள், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி, இந்தப்பக்கம் ஒருத்தி. நடுவில் சம்யுக்தாவுக்கு மறுபடி கை ஜில்லிட்டது, எழுத்து நகர ஆரம்பித்தது. "மிஸ், எறும்பு வருது" என்றாள். "எனக்கும் வருது. கொஞ்சம் இரு, போயிரும்" என்றாள் மிஸ், தலையைத் தூக்காமல். இருந்தாள். போனது. முழுசாகப் போகவில்லை, ஒரு வரி படிக்கிற அளவுக்குப் போனது. அந்த ஒரு வரியைப் படித்தாள்.

உள்ளே ஓர் எருமையும் வெளியே ஓர் எருமையும் ஒரு சேர இளைப்பதைப் பார்த்த தெருவுக்கு வயிறு எரிந்தது. சென்னியப்பன் இரண்டு கையிலும் டீயோடு ஓடி வந்தான். "டீச்சர், ஒரு வாய் குடிங்க. அப்புறம் சாவகாசமா..."

வளர்மதி குறுக்கே வந்தாள். "நவுந்து போங்கண்ணா."

"நீயே இப்படிப் பேசலாமா வளரு? ஊருக்கே பால் ஊத்துன கை!"

"என்ர புள்ள மூச்சையில்ல கறந்து ஊத்தியிருக்கறேன்" என்றாள் வளர்மதி. அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க, காலியாக இருந்த போசியைச் சென்னியப்பனின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துவிட்டாள். டீ இரண்டும் அவன் வேட்டியில் போனது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு எப்படி நிற்பது என்று தெரியாமல், தள்ளிப்போட்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வர, ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது எருமை ஆட்டுக்கிடாய் அளவுக்கு வந்திருந்தது. சம்யுக்தா அதைத் தாண்டி வெளியே வந்தாள்.

மறுநாள் பிராக்டிகலில் அவளுக்குக் கொடுத்த உப்பு அவள் படித்தது இல்லை. கை ஜில்லிட்டது. இருந்து பார்த்தாள். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடாக்கியதும் டெஸ்ட்டியூபிலிருந்து வந்த வாடையை முகர்ந்தாள். இத்தனை வாரம் ஹாலில் எருமையோடும் அதன் மூத்திரத்தோடும் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த வாடை தெரியாதா? அம்மோனியா என்று எழுதினாள். மீதியில் பாதி சரி, பாதி தப்பு. வெளித்தேர்வாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாஸ் போட்டார். ஹேமபிரியா மிஸ் கடைசிப் பேப்பரைத் திருத்தி முடிக்க மேலும் ஒரு வாரம் ஆனது. அதுவரை ஒரு கன்று அவள் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது. பால் ருசி மறக்காத சிலர் அதற்குப் பருத்திக்கொட்டை வைத்துப் பார்த்தார்கள், அது தின்னவில்லை.

பிராக்டிகல் முடிந்த அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். "பாப்பா படிக்குதா?" என்றார். வளர்மதி போனை மகளிடம் நீட்டினாள்.

"அப்பா, ரிவிஷன்ல கெமிஸ்ட்ரி பதினொண்ணுப்பா. எழுபதுக்கு. ரொம்ப நாளா ஸ்கூல்ல அந்த மணி மட்டும் போகாம ஏமாத்திக்கிட்டிருந்தேன். இப்பப் போறேன்."

அந்தப் பக்கம் போர் போடுகிற இரைச்சலிலிருந்து அப்பா தள்ளி நடந்து போவது கேட்டது. திட்டப்போகிறார் என்று சம்யுக்தா கண்ணை மூடிக்கொண்டாள். இரைச்சல் தேய்ந்தது.

"அம்மா பக்கத்துல இருக்குதா?" என்றார் அப்பா, மெல்ல.

"இல்லீங்கப்பா. உள்ள போயிருச்சு."

"இங்க மூணு எடத்துல போட்டாச்சு பாப்பா. புழுதிதான் பறக்குது. தண்ணி இல்ல. ஓனர்கிட்டயும் சொல்லல, உங்கம்மாகிட்டயும் சொல்லல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவருக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், ஏதோ ஒன்று நீளமாகக் கத்தியது.

சம்யுக்தா சுவரோரமாக நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"எவ்ளோ பெருசுப்பா?"

"வண்டிய விட ஒசரம்" என்றார் அப்பா.

"சரி. அதுமேல சாயாதீங்க. எங்காச்சும் கல்லு கெடந்தா உக்காருங்க" என்றாள் அவள். தானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "மொதல்ல ஓனருக்கு. ஒரே ஒரு வரி மெசேஜ். நீங்க அனுப்பிப்போட்டு வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கறேன்."